மூன்று கல்லூரிகளில் எது? ஆப்டோமெட்ரி படிக்க விரும்பும் மகளுக்காகக் கேட்கும் கடலூர்த் தந்தைக்கு

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஒரு தந்தை கேட்டிருக்கும் கேள்வியின் சுருக்கம் இது. மகள் உயிரியல் பாடப்பிரிவில் பன்னிரண்டாம் வகுப்பை நல்ல மதிப்பெண்களுடன் முடித்திருக்கிறார். கண்பார்வையைப் பரிசோதிக்கக் கற்பிக்கும் நான்காண்டு ஆப்டோமெட்ரி பட்டப்படிப்பில் சேர விரும்புகிறார். முதல் வாய்ப்பு, வீட்டிலிருந்தே பேருந்தில் சென்று வரக்கூடிய, தொடங்கிச் சில ஆண்டுகளே ஆன ஒரு கல்லூரி. இரண்டாவது, சென்னையில் மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகம். கட்டணம் மிக அதிகம். மூன்றாவது, வெளியூரில் ஒரு கண் மருத்துவமனையே நடத்தும் கல்லூரி. இடங்கள் குறைவு, விடுதியில் தங்க வேண்டும். இவற்றில் எதைத் தேர்ந்தெடுப்பது, இவ்வளவு செலவு செய்வதற்குப் பதிலாக இரண்டாண்டு டிப்ளமோ போதாதா என்பது கேள்வி.

இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் புதுச்சேரியில் ஆப்டோமெட்ரிஸ்டாகப் பணி செய்துகொண்டும், பல கல்லூரிகளிலிருந்து இன்டர்ன்ஷிப்புக்காக வரும் மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்துக்கொண்டும் இருப்பவன் என்ற முறையில் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கல்லூரியின் பெயர், கட்டடம், கருவிகளின் விலை ஆகிய மூன்றையும் ஒதுக்கி வைத்துவிட்டு, உங்கள் மகள் படிப்பை முடிப்பதற்குள் தம் கையால் எத்தனை நோயாளிகளைப் பரிசோதித்திருப்பார், அப்போது அவர் அருகில் யார் நின்றிருப்பார் என்ற இரண்டை மட்டும் கேளுங்கள். இந்தப் பதில் நீள்வதற்குக் காரணம், இந்த இரண்டுக்கும் நேர்மையான பதிலைப் பெறுவது அவ்வளவு எளிதல்ல என்பதுதான்.

அதற்கு முன்னால் ஒரு வடிகட்டல் தேவை. துணை மருத்துவ மற்றும் சுகாதாரத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் 2021ஆம் ஆண்டு நிறைவேறியது. ஆப்டோமெட்ரி அந்தச் சட்டத்தின் அட்டவணையில் இடம்பெற்றுள்ள தொழில். அதுவரை எங்கள் தொழிலை இந்தியா முழுமைக்கும் சட்டப்படி ஒழுங்குபடுத்தும் அமைப்பு எதுவும் இருக்கவில்லை. அதனால்தான் ஆறு மாதச் சான்றிதழ் முதல் முதுநிலைப் பட்டம் வரை எல்லாவற்றையும் ஒரே பெயரில் விற்க முடிந்தது. இந்தச் சட்டம் பயிற்சி நேரத்துக்குக் கீழ்வரம்பு விதிக்கிறது. சுகாதாரத் தொழில்முறையாளர் என்ற நிலைக்குக் குறைந்தது 3600 மணி நேரமும், அதற்கு அடுத்த துணைநிலைக்குக் குறைந்தது 2000 மணி நேரமும் பயின்றிருக்க வேண்டும். மாநிலப் பதிவேட்டில் பெயர் இருப்பவர்தான் தொழில் செய்யலாம் என்பது சட்டத்தின் நோக்கம். ஆகவே எந்தக் கல்லூரிக்குப் போனாலும், பட்டத்தை வழங்கும் பல்கலைக்கழகம் எது, அந்தப் பல்கலைக்கழகம் இந்தக் கல்லூரியில் இந்தப் படிப்புக்கு அனுமதி அளித்த ஆணை எங்கே என்று கேட்டு, அந்தத் தாளைக் கண்ணால் பார்க்க வேண்டும். தபால் வழியிலோ இணைய வழியிலோ ஆப்டோமெட்ரி கற்பிப்பதாக யாரேனும் சொன்னால் அந்த இடத்தைவிட்டு எழுந்து வந்துவிடலாம். இச்சட்டத்தின் கீழ் வரும் படிப்புகளைத் தொலைநிலையில் நடத்தக்கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2025இல் தெளிவாக அறிவித்துவிட்டது.

டிப்ளமோ பற்றிக் கேட்டீர்கள். அது தாழ்ந்த படிப்பன்று. கண் மருத்துவ உதவியாளர்களாகப் பல ஆண்டுகள் உழைத்த அப்படிப்பட்டவர்கள்தான் கிராமத்துக் கண் சிகிச்சை முகாம்களை இன்றுவரை தாங்கிக்கொண்டிருக்கிறார்கள். அரசு வேலையே குறிக்கோள் என்றால், கண் மருத்துவ உதவியாளர் பணிக்கான அறிவிக்கையில் எந்தக் கல்வித்தகுதி கேட்கப்படுகிறது என்பதை எழுத்தெண்ணிப் படித்துவிட்டு முடிவெடுங்கள். பட்டம் இருந்தால் எல்லாவற்றுக்கும் தகுதி உண்டு என்று நாமாக எண்ணிக்கொள்ளக் கூடாது. ஆனால் உங்கள் மகள் தனியாகப் பரிசோதனை நிலையம் நடத்தவோ, மேற்படிப்புக்குப் போகவோ, வெளிநாட்டில் பணி செய்யவோ விரும்பினால் டிப்ளமோ பாதி வழியில் நின்றுவிடும். பிறகு பட்டம் படிக்க நினைக்கும்போது பலருக்கு மறுபடி முதலாண்டிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.

இனி முக்கியமான செய்திக்கு வருகிறேன். ஆப்டோமெட்ரிஸ்டின் வேலை கண்ணாடிக்குப் பவர் எழுதுவது மட்டும் என்ற எண்ணம் நம் ஊரில் பரவலாக இருக்கிறது. அந்தப் பவர் எழுதும் வேலை எவ்வளவு கைப்பழக்கம் வேண்டிய கலை என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். நான்கு வயதுக் குழந்தையை அழைத்து வருகிறார்கள். அதற்கு எழுத்து தெரியாது. ‘இது தெளிவா, அது தெளிவா’ என்று கேட்டால் எல்லாவற்றுக்கும் தலையாட்டும். கணினிக் கருவியில் முகத்தை வைத்தால், குழந்தையின் கண் அருகில் குவிக்க முயல்வதால், உள்ளதைவிடக் கூடுதலான கிட்டப்பார்வையை அது காட்டக்கூடும். அந்தச் சீட்டை அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டால், தேவையில்லாத மைனஸ் கண்ணாடியைக் குழந்தை ஆண்டுக்கணக்கில் போட்டுக்கொண்டிருக்கும். சரியான முறை, கண் மருத்துவரின் மேற்பார்வையில் குவிக்கும் தசையைத் தளர்த்தும் சொட்டு மருந்து விட்டுக் காத்திருந்து, கண்ணுக்குள் ஒளிக்கீற்றைச் செலுத்திப் பார்க்கும் ரெட்டினோஸ்கோப்பைக் கையில் எடுப்பதுதான். ஒளிக்கீற்றைப் பாவையின் குறுக்கே நகர்த்தும்போது உள்ளிருந்து திரும்பும் செவ்வொளி கூடவே நகர்கிறதா, எதிராக நகர்கிறதா என்று பார்த்து, லென்ஸ்களை ஒவ்வொன்றாக வைத்து அந்த அசைவை நிறுத்த வேண்டும். நாம் உட்கார்ந்திருக்கும் தூரம் 67 சென்டிமீட்டர் என்றால் கிடைத்த லென்ஸ் பவரிலிருந்து 1.50ஐயும், 50 சென்டிமீட்டர் என்றால் 2.00ஐயும் கழிக்க வேண்டும். இந்தக் கணக்கை ஒரு மணி நேரத்தில் கரும்பலகையில் கற்பித்துவிடலாம். ஆனால் அழுகிற, ஓடுகிற, தலையைத் திருப்புகிற குழந்தையின் கண்ணில் அந்த அசைவை நம்பிக்கையோடு படிப்பதற்கு நூற்றுக்கணக்கான கண்களைப் பார்த்திருக்க வேண்டும். அதற்குக் குறுக்குவழி இல்லை. ஒரு கண்ணில் மட்டும் பெரிய பிழை இருந்து அது கவனிக்கப்படாமல் போனால், மூளை அந்தக் கண்ணை ஒதுக்கிவிடுகிறது. நாம் சோம்பேறிக்கண் என்று சொல்லும் அந்த நிலையை ஏழெட்டு வயதுக்குள் கண்டுபிடித்தால் மீட்பது எளிது, பிறகு கடினம். ஆகவே ஒரு மாணவியின் கைப்பயிற்சி குறைவாக இருந்தால் அதன் விலையை முகம் தெரியாத ஒரு குழந்தை கொடுக்கும்.

இதனால்தான் கல்லூரியைப் பார்க்கப் போகும் நாளில் முதல்வரின் அறையில் அதிக நேரம் உட்காராதீர்கள். மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவரைக் கண்டுபிடித்து, அவருடைய பயிற்சிப் பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். ஒழுங்காக நடக்கும் கல்லூரிகளில் ஒவ்வொரு மாணவரும் தாம் பரிசோதித்த நோயாளிகளைத் தேதிவாரியாக எழுதி, ஆசிரியரின் கையெழுத்தைப் பெற்றிருப்பார். அதில் எழுத்துப் பலகைப் பரிசோதனை மட்டுமே பக்கம் பக்கமாக இருக்கிறதா, ரெட்டினோஸ்கோப்பி, கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும் ஸ்லிட் லேம்ப், கண் அழுத்தம் அளத்தல், மாறுகண் பரிசோதனை, கான்டாக்ட் லென்ஸ் பொருத்துதல், குறைபார்வை உள்ளவர்களுக்கு உருப்பெருக்கிகள் தேர்ந்தெடுத்தல் ஆகியவையும் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரே மையில், ஒரே நாளில் எழுதியதுபோல் முப்பது பக்கங்கள் இருந்தால் அதற்கு என்ன பொருள் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

கடைசி இரண்டு பயிற்சிகளைச் சேர்த்துச் சொன்னதற்குக் காரணம் உண்டு. குறைபார்வை என்பது கண்ணாடியாலும் அறுவை சிகிச்சையாலும் இனிச் சீராகாத பார்வை. அவர்களுக்கு உருப்பெருக்கி, வெளிச்சம், படிக்கும் தூரம் ஆகியவற்றைச் சரிசெய்து, இருக்கும் பார்வையைப் பயன்படுத்தக் கற்றுக்கொடுப்பது ஆப்டோமெட்ரிஸ்டின் தனி வேலை. கருவிழி கூம்புபோல் முன்தள்ளும் நோயில் சாதாரணக் கண்ணாடி உதவாத நிலையில் கடின கான்டாக்ட் லென்ஸ் பொருத்துவதும் அப்படியே. இவ்விரண்டையும் கற்பிக்கத் தனிப் பிரிவு வைத்திருக்கும் கல்லூரி மற்ற எல்லாவற்றையும் ஏறத்தாழ ஒழுங்காகவே கற்பிக்கும் என்பது என் அனுபவம். இவற்றைப் பாடப்புத்தகத்தோடு நிறுத்திக்கொள்ளும் கல்லூரி, மாணவர்களைக் கண்ணாடிக் கடைக்காகத் தயாரிக்கிறது.

‘எங்களுக்கு இன்ன மருத்துவமனையோடு ஒப்பந்தம் இருக்கிறது’ என்று புதிய கல்லூரிகள் சொல்லும். ஒப்பந்தம் என்ற சொல்லைக் கேட்டு மயங்க வேண்டாம். சில ஆண்டுகளுக்கு முன் அப்படியொரு கல்லூரியிலிருந்து, பெயர் வேண்டாம், நான்கு மாணவர்கள் இன்டர்ன்ஷிப்புக்காக எங்களிடம் வந்தார்கள். அறிவில் குறைந்தவர்கள் அல்லர். கண்ணின் உடற்கூறு பற்றி எதைக் கேட்டாலும் சொன்னார்கள். ஆனால் மூன்றாண்டுகளில் ஒருவர்கூட நோயாளியின் கண்ணில் ரெட்டினோஸ்கோப்பைப் பிடித்ததில்லை. மாதிரிக் கண்ணிலும் சக மாணவர்களின் கண்ணிலும் மட்டுமே பழகியிருந்தார்கள். ஒப்பந்தம் செய்த மருத்துவமனையில் வாரத்துக்கு ஒரு முற்பகல், ஒரு மூலையில் நின்று வேடிக்கை பார்க்க அனுமதித்திருக்கிறார்கள். அந்த ஓராண்டில் மூன்றாண்டுப் பாடத்தையும் அவர்கள் கற்க வேண்டியிருந்தது. இருவர் கற்றார்கள், இருவர் பாதியிலேயே வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். ஆகவே ஒப்பந்தம் இருக்கிறதா என்பதைவிட, எந்த ஆண்டு முதல், வாரத்துக்கு எத்தனை நாள், ஒரு நாளைக்கு எத்தனை நோயாளிகளை மாணவர் தாமே பார்ப்பார் என்று கேளுங்கள்.

ஆசிரியர்களைப் பற்றியும் ஒரு சொல். கண் நோய்களைக் கண் மருத்துவர் கற்பிப்பது பொருத்தமே. ஆனால் ஒளியியல், இருகண் பார்வை, கான்டாக்ட் லென்ஸ் ஆகியவற்றை ஆப்டோமெட்ரியில் முதுநிலைப் பட்டம் பெற்றவர்கள் கற்பிக்க வேண்டும். சென்ற ஆண்டு தேர்ச்சி பெற்ற மாணவரே இந்த ஆண்டு ஆசிரியராக நிற்கும் துறைகளும் உண்டு. முழுநேர ஆசிரியர்கள் எத்தனை பேர், அவர்களில் ஐந்தாண்டு அனுபவம் உள்ளவர்கள் எத்தனை பேர் என்று கேட்பதில் தவறே இல்லை. கருவிகளைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. விழித்திரையை அடுக்கடுக்காகப் படமெடுக்கும் ஓ.சி.டி. இருக்கிறது என்று சொல்வார்கள். கண்ணாடிப் பேழைக்குள் உறை போட்டிருந்தால் அது இருந்தும் இல்லாததே. முப்பது மாணவர்களுக்கு எத்தனை ரெட்டினோஸ்கோப், சோதனை லென்ஸ்கள் அடங்கிய ட்ரையல் செட் எத்தனை என்பதே பொருளுள்ள கேள்வி.

நான்காம் ஆண்டு முழுவதும் இன்டர்ன்ஷிப். அதை எங்கே செய்வது என்பதை மாணவரே தேர்ந்தெடுக்கலாமா, கல்லூரி சொல்லும் இடத்துக்குத்தான் போக வேண்டுமா, அந்த ஆண்டுக்கும் முழுக் கட்டணம் உண்டா, உதவித்தொகை ஏதேனும் தருவார்களா என்பவற்றைச் சேர்க்கைக்கு முன்பே தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். கண்ணாடி விற்பனைக் கடையில் ஓராண்டு நிற்க வைத்து, பிரேம் விற்றதை இன்டர்ன்ஷிப் என்று கணக்குக் காட்டுவது நடக்காததன்று. கடைப் பயிற்சியும் தேவைதான், ஓரிரு மாதங்களுக்கு.

இனி உங்கள் மூன்று வாய்ப்புகள். மூன்றாவதில், அதாவது கண் மருத்துவமனை நடத்தும் கல்லூரியில், இடம் கிடைக்குமானால் தயங்காமல் அங்கே சேருங்கள் என்பதே என் அறிவுரை. தமிழ்நாட்டில் இந்தப் படிப்பு வேரூன்றிய வழியே அதுதான். சங்கர நேத்ராலயா 1985இல் எலைட் ஸ்கூல் ஆப் ஆப்டோமெட்ரியைச் சென்னையில் தொடங்கியபோது, மருத்துவமனையின் புறநோயாளிகள் பிரிவே வகுப்பறையாக அமைந்தது. மதுரையில் 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையும் பயிற்சியைச் சிகிச்சையிலிருந்து பிரிக்காமலேயே வளர்ந்தது. அத்தகைய இடங்களில் மாணவர் முதல் ஆண்டிலேயே நோயாளிகளின் கூட்டத்துக்குப் பழகிவிடுகிறார். குறையும் உண்டு: வேலை கடுமையாக இருக்கும், சில இடங்களில் மாணவரைப் பணியாளர்போல் நடத்துவார்கள், கல்லூரி வாழ்க்கை என்று சினிமாவில் பார்ப்பது எதுவும் இருக்காது. உங்கள் மகளிடம் இதை மறைக்காமல் சொல்லுங்கள்.

இரண்டாவது வாய்ப்பான நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில், மருத்துவக் கல்லூரி மருத்துவமனை கூடவே இருப்பது நன்மை. சர்க்கரை நோய், நரம்புக் கோளாறு, குறைமாதக் குழந்தைகள் என்று மற்றத் துறைகளிலிருந்து கண் துறைக்கு அனுப்பப்படும் நோயாளிகளைப் பார்க்கும் வாய்ப்பு தனிக் கண் மருத்துவமனையில் இந்த அளவுக்குக் கிடைக்காது. ஆனால் அங்கே அந்த நோயாளிகளை முதலில் பார்ப்பவர்கள் கண் மருத்துவ முதுநிலை மாணவர்கள்; ஆப்டோமெட்ரி மாணவர் வரிசையில் பின்னால் நிற்கக்கூடும். உங்களுக்குக் கடன் வாங்கித்தான் கட்ட முடியும் என்றால், தொடக்கச் சம்பளம் அந்தக் கடனை எளிதில் அடைக்கும் அளவுக்கு இருக்காது என்பதையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். முதல் வாய்ப்பான அருகிலுள்ள கல்லூரியை, மேலே சொன்ன கேள்விகளுக்கு எழுத்தில் பதில் தந்தால் இரண்டாவதைவிட மேலாகவே நான் கருதுவேன். வீட்டுச் சாப்பாடும், மிச்சமாகும் பணத்தில் பிற்பாடு முதுநிலைப் படிப்பும் சிறிய நன்மைகள் அல்ல.

நீங்கள் குறிப்பிடாத இரண்டு வழிகளையும் விட்டுவிடாதீர்கள். தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகளில் பி.ஆப்டம், அதாவது ஆப்டோமெட்ரிப் பட்டப்படிப்பின் அரசு ஒதுக்கீட்டு இடங்கள், கீழ்ப்பாக்கத்தில் உள்ள மருத்துவத் தேர்வுக்குழு நடத்தும் துணை மருத்துவப் படிப்புகளுக்கான கலந்தாய்வு வழியாக நிரப்பப்படுகின்றன. அதற்கு விண்ணப்பிக்காமல் நிர்வாக ஒதுக்கீட்டில் பணம் கட்டியவர்கள் பலரை நான் அறிவேன். மற்றொன்று ஜிப்மர். அங்கும் பி.ஆப்டம் உண்டு, அது மத்திய அரசு நிறுவனம் என்பதால் கட்டணம் மிகக் குறைவு, இடங்களும் மிகக் குறைவு, சேர்க்கை நீட் மதிப்பெண்ணின் அடிப்படையில். நீட் எழுதியிருந்தால் மட்டும் முயலலாம். புதுச்சேரி அரசின் மாணவர் சேர்க்கை அமைப்பான சென்டாக் வழங்கும் ஒதுக்கீடு புதுச்சேரியில் குடியிருப்போருக்கானது. எல்லையிலுள்ள முள்ளோடையைத் தாண்டிக் கடலூர்ப் பக்கம் வீடு இருக்கும் உங்களுக்கு அந்தச் சலுகை பொருந்தாது என்பதை, கடலூர்ப் பெற்றோர் பலர் கடைசி நேரத்தில்தான் தெரிந்துகொள்கிறார்கள்.

வெளிநாடு பற்றி உங்கள் மகள் கேட்டிருப்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். வளைகுடா நாடுகளில் பணி உரிமத்துக்கு, பட்டத்தை வழங்கிய பல்கலைக்கழகத்திடமே நேரடியாக எழுதிச் சரிபார்ப்பார்கள். ஆகவே பல்கலைக்கழகத்தின் நிலை ஐயத்துக்கு இடமில்லாமல் இருக்க வேண்டும். அமெரிக்காவில் ஆப்டோமெட்ரி என்பது ஒரு பட்டப்படிப்புக்குப் பிறகு மேலும் நான்காண்டு பயிலும் தனிப் படிப்பு. இங்கே பெற்ற பி.ஆப்டமைக் கொண்டு அங்கே நேரடியாகத் தொழில் செய்ய இயலாது. பிரிட்டனில் பொது ஒளியியல் மன்றத்தில் பதிவு செய்தாக வேண்டும். ‘எங்கள் பட்டம் உலகெங்கும் செல்லும்’ என்று விளம்பரத்தில் அச்சிட்டிருந்தால், எந்த நாட்டில், எந்த உரிமத்துக்கு என்று திருப்பிக் கேளுங்கள். பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டுக்கொள்ளலாம் என்று ஆசை காட்டினாலும் நம்ப வேண்டாம். நாங்கள் கண் மருத்துவர்கள் அல்லர், அறுவை சிகிச்சை எங்கள் வேலையும் அன்று.

முடிவெடுப்பதற்கு முன் உங்கள் மகளை ஒரு நாள் காலையில் தவளக்குப்பத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். கடலூரிலிருந்து புதுச்சேரி போகும் எந்தப் பேருந்தில் ஏறினாலும் வழியில் இறங்கிவிடலாம். அங்கே 2003 முதல் இயங்கும் அரவிந்த் கண் மருத்துவமனையின் புறநோயாளிகள் பகுதியில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தால் போதும். விழுப்புரம், பண்ருட்டிப் பக்கத்து விவசாயிகளும், கடற்கரைக் கிராமத்துப் பாட்டிமார்களும், பள்ளிச் சீருடையோடு வரும் பிள்ளைகளும் ஒருவர் பின் ஒருவராக வந்து உட்கார, ஒரே கேள்வியைச் சலிக்காமல் ஒவ்வொருவரிடமும் புதிதாகக் கேட்கும் அந்த வேலை தமக்குப் பிடிக்குமா என்பதை அவரே அங்கு முடிவு செய்துகொள்வார். பிடிக்கவில்லை என்றால் கல்லூரித் தேர்வு பற்றிய இந்தப் பேச்சுக்கே இடமில்லாமல் போகும். நான்காண்டுக் கட்டணமும் மிச்சம்.

பிடித்துவிட்டால், கலந்தாய்வு முடிவு வரும்வரை அருகிலுள்ள கல்லூரியில் ஓர் இடத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதில் தவறில்லை. ஆனால் அசல் மதிப்பெண் பட்டியலையும் மாற்றுச் சான்றிதழையும் அவர்களிடம் விட்டுவிட்டு வராதீர்கள். உயர்கல்வி நிறுவனங்கள் மாணவரின் அசல் சான்றிதழ்களைத் தம்மிடம் வைத்துக்கொள்ளக் கூடாது என்றும், சேராமல் விலகுவோருக்குக் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்றும் பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் அறிவிக்கை வெளியிட்டிருக்கிறது. அசலைச் சரிபார்த்துவிட்டு அங்கேயே திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள். நகல்களில் மட்டும் கையெழுத்திட்டுக் கொடுங்கள். கட்டிய தொகைக்கு, நன்கொடை என்று எழுதாமல் கட்டணம் என்றே எழுதிய ரசீதைக் கேட்டுப் பெறுங்கள்.